புது கான்செப்ட் தேட எந்த வழி? கிரைண்டர் குழவியை வைத்து ஒரு ஒப்பீடு

போன மாதம் ஃபைனல் இயர் மெக்கானிக்கல் பிள்ளைகள் நாலு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். பிராஜெக்ட் தலைப்பு முடிவாகிவிட்டது, வீட்டு கிரைண்டரின் குழவியைத் தூக்காமலே கழுவ ஒரு வழி. அந்த டீமில் ஒரு பெண்ணின் அம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி, டாக்டர் கனமே தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம், அங்கிருந்து பிறந்த தலைப்பு. டேபிள் டாப் வாங்கிவிடலாமே என்று கேட்டேன். "அதுல ஆட்டுன மாவு இட்லிக்குப் பொங்காதுன்னு அம்மா ஒரே பிடிவாதம் சார்." சரி, அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. அப்புறம்தான் வந்த காரியத்தைக் கேட்டார்கள். "கான்செப்ட் ஜெனரேஷனுக்கு எந்த மெதட் போடலாம் சார்? ட்ரிஸ் போட்டா ரிவ்யூல வெயிட்டா இருக்குமா?"

இருக்கும். ட்ரிஸ் என்பது சோவியத் ரஷ்யாவில் பிறந்த, கண்டுபிடிப்புக்கு வழி தேடும் ஒரு முறை, விவரம் பின்னால் வருகிறது. எக்ஸ்டர்னலாக, அதாவது வெளியிலிருந்து மதிப்பெண் போட வருபவர்களில் பலர் அந்தப் பெயரைக் கேட்டதும் அடுத்த ஸ்லைடுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் ரிப்போர்ட்டில் ஒரு அத்தியாயத்தை நிரப்ப எந்த மெதட் என்பதும், கையில் இருக்கும் நாலு மாதத்தில் நிஜமாகவே ஒரு புது யோசனையைப் பிடிக்க எந்த மெதட் என்பதும் ஒரே கேள்வி இல்லையே. இரண்டாவது கேள்விக்குப் பல்கலைக்கழகங்களில் அறுபது, எழுபது வருடமாக ஆராய்ச்சி நடக்கிறது. ஆட்களை அறையில் உட்கார வைத்து, ஒரு டிசைன் பிரச்சனையைக் கொடுத்து, வந்த படங்களை எண்ணி, தரம் பிரித்துப் பார்க்கிற ஆராய்ச்சி. அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜமி ஷாவும் கூட்டாளிகளும் 2003-ல் அதற்கு நாலு அளவுகோல் வைத்தார்கள்: எத்தனை யோசனை வந்தது, அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டவை, எவ்வளவு புதுசு, எவ்வளவு உருப்படும். பெரும்பாலான டீம்கள் முதலாவதை மட்டும் எண்ணிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகின்றன. இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகப் பார்ப்பது இரண்டாவதை.

எல்லாரும் முதலில் பிடிப்பது பிரெயின்ஸ்டார்மிங், கூட்டமாக உட்கார்ந்து வாய்க்கு வந்த யோசனையெல்லாம் கொட்டுவது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் மேனேஜர் ஒருவர் இதைத் தமிழில் சொல்கிறேன் பேர்வழி என்று "எல்லாரும் வாங்க, மூளைச்சலவை பண்ணலாம்" என்பார். பார்க்கப்போனால் அவர் சொன்னதுதான் நடந்தது. முதலில் தன் யோசனையைச் சொல்வார், மீதி ஒரு மணி நேரம் நாங்கள் எட்டுப் பேரும் அதற்கு பாலிஷ் போடுவோம், மீட்டிங் முடிந்ததும் மினிட்ஸில் "12 யோசனைகள் பெறப்பட்டன" என்று எழுதுவோம். பன்னிரண்டும் ஒரே யோசனையின் பன்னிரண்டு கலர்.

இந்த முறையைப் பிரபலமாக்கியவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன், அமெரிக்க விளம்பரக் கம்பெனி ஆள். குறை சொல்லாதே, நிறையச் சொல், கிறுக்குத்தனமானதையும் சொல், அடுத்தவர் சொன்னதன் மேல் கட்டு என்று 1950-களில் விதி வைத்தார். விதிகளில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் கூட்டமாக உட்கார்ந்தால் ஒவ்வொருவருக்கும் தனியாக வருவதைப் போல இரண்டு மடங்கு யோசனை வரும் என்றும் சொன்னார், அதுதான் இடித்தது. 1958-லேயே யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். நாலு பேரைச் சேர்த்து உட்கார வைத்து ஒரு கணக்கு. வேறு நாலு பேரைத் தனித்தனியாக யோசிக்கவிட்டு, வந்ததில் ஒரே மாதிரியானவற்றை நீக்கி, மீதியைக் கூட்டி இன்னொரு கணக்கு. தனித்தனியாக யோசித்தவர்கள் எளிதாக ஜெயித்தார்கள். ஏன் என்பதற்கு 1987-ல் ஜெர்மனியின் டூபிங்கனில் டீல், ஸ்ட்ரோபே என்ற இரண்டு பேர் நல்ல பதில் கண்டுபிடித்தார்கள். கூச்சமும் சோம்பலும் ஓரளவுக்குத்தான் காரணம், பெரிய காரணம் ரொம்பச் சாதாரணமானது: ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர் பேசி முடிக்கக் காத்திருக்கும் நேரத்தில் நம் யோசனை மறந்துபோகிறது, இல்லை "அதேதான் இதுவும்" என்று நாமே அழித்துவிடுகிறோம், புதுசாக யோசிக்கவும் ஓடுவதில்லை.

இதற்கு மாற்று பேசாமல் எழுதுவது. ஜெர்மனியில் பெர்ண்ட் ரோர்பாக் 1968-ல் வெளியிட்ட 6-3-5 முறை ரொம்ப எளிது. ஆறு பேர், ஆளுக்கு ஒரு தாள், ஐந்து நிமிடத்தில் மூன்று யோசனை, தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளு, அவர் அதைப் பார்த்து அதற்குக் கீழே இன்னும் மூன்று. ஆறு சுற்று முடிந்தால் அரை மணி நேரத்தில் 108. நம் பிள்ளைகள் நாலு பேர்தான், அதனால் நாலு சுற்று, இருபது நிமிடம், 48. இதே ஜமி ஷா குழு எழுத்தே இல்லாமல் படம் மட்டும் வரைந்து தள்ளுகிற ஒரு வகையையும் கொண்டுவந்தது. எனக்கு அது இன்னும் பிடிக்கும். ஒருவர் வரைந்த கோணல்மாணல் படத்தை அடுத்தவர் தப்பாகப் புரிந்துகொள்வார், அந்தத் தப்பிலிருந்து புதுசாக ஒன்று முளைக்கும். அன்றைக்கு நடந்ததையே சொல்கிறேன். ஒரு பையன் குழவிக்கு மேலே ஒரு கொக்கி வரைந்தான், தூக்குவதற்கு. பக்கத்தில் இருந்த பெண் அதைக் குழாய் என்று நினைத்துக்கொண்டு, குழவிக்கு நடுவே ஓட்டை போட்டு உள்ளிருந்து தண்ணீர் பீய்ச்சுகிற மாதிரி வரைந்துவிட்டாள். வாயால் சொல்லியிருந்தால் அந்த இடத்தில் கொக்கி கொக்கியாகவே இருந்திருக்கும்.

ஆக, பேசுவதா எழுதுவதா என்றால் எழுதுவது. இந்த ஒப்பீட்டில் எனக்குத் தயக்கமே இல்லாத இடம் இது ஒன்றுதான். இருபது நிமிடம், நாலு தாள், செலவு கிடையாது, தெரிந்துகொள்ள வேண்டிய தியரியும் கிடையாது.

ஆனால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது, எந்த மெதடை எடுத்தாலும் கூடவே வருகிற பொறி. வந்த 48-ல் முக்கால்வாசி தூக்குவது பற்றியே இருந்தன. கொக்கி, புல்லி, ஸ்க்ரூ ஜாக், குட்டி மோட்டார். ஏனென்றால் வருவதற்கு முன்னால் யூடியூபில் தேடிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள், அதில் யாரோ புல்லி வைத்துக் கல் தூக்குகிறார். இதற்கு டிசைன் ஃபிக்ஸேஷன் என்று பெயர், ஒரு உதாரணத்தில் மனம் ஒட்டிக்கொள்வது. 1991-ல் ஜான்சன், ஸ்மித் என்ற இரண்டு பேர் டெக்சாஸில் செய்த சோதனை இந்தத் துறையில் எல்லாரும் மேற்கோள் காட்டுவது. சிந்தாத காபி கோப்பை ஒன்று டிசைன் பண்ணச் சொன்னார்கள், உறிஞ்சுகுழாய் கூடாது என்று தெளிவாகவே எழுதிக் கொடுத்தார்கள், ஆனால் ஒரு குழுவுக்கு மட்டும் மாதிரிக்கு என்று குழாய் வைத்த ஒரு படத்தையும் காட்டினார்கள். அந்தக் குழுவில்தான் குழாய் வைத்த டிசைன் அதிகம் வந்தது. கூடாது என்று சொல்லியும்!

பிள்ளைகள்தானே, அனுபவம் இருந்தால் தப்பிக்கலாம் என்று நினைத்தால் அதுவும் இல்லை. 2010-ல் ஜூலி லின்சி குழு டிசைன் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர்களையே உட்கார வைத்துப் பார்த்தது. பிரச்சனை நிலக்கடலை உரிக்கிற கருவி, ஹைட்டி, மேற்கு ஆப்பிரிக்கா மாதிரி கரண்ட் இல்லாத இடங்களுக்கு. மாதிரியாகக் காட்டிய படத்தில் பெட்ரோல் இன்ஜின் வைத்த ஒரு பிரஸ் இருந்தது. படம் பார்த்த பேராசிரியர்கள் அதன் அம்சங்களைத் தங்கள் டிசைனுக்குள்ளும் கொண்டுவந்தார்கள், அதைவிட முக்கியம், தாங்கள் அப்படி ஒட்டிக்கொண்டதே அவர்களுக்குத் தெரியவில்லை. நம்மூரில் கடலையைத் தரையில் பரப்பி, கால் மிதித்து, கையால் நசுக்கி உரித்த ஒரு பாட்டியை அந்த அறைக்குள் உட்கார வைத்திருந்தால் என்ன வரைந்திருப்பாரோ என்று எனக்கு எப்போதும் ஒரு யோசனை உண்டு.

அதனால் இந்தப் பிள்ளைகளுக்கு நான் சொன்ன முதல் திருத்தம் மெதட் பற்றியே இல்லை, வரிசை பற்றி. லிட்டரேச்சர் சர்வேயும் மார்க்கெட் சர்வேயும் இரண்டாவது வாரம், முதல் வாரம் சொந்த மூளை. கைடுகள் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ரிப்போர்ட்டில் சர்வே இரண்டாம் அத்தியாயம், கான்செப்ட் மூன்றாம் அத்தியாயம். ரிப்போர்ட்டில் அப்படியே இருக்கட்டும், வேலையைத் திருப்பிச் செய்யுங்கள் என்றேன்.

இனி ட்ரிஸ். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் கும்பிடுபவர்களும் அதிகம், திட்டுபவர்களும் அதிகம், உட்கார்ந்து போட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

இதை உருவாக்கியவர் கென்ரிக் அல்ட்ஷுல்லர், சோவியத் கடற்படையில் கண்டுபிடிப்பு விண்ணப்பங்களைப் பார்க்கிற வேலை. நாட்டில் கண்டுபிடிப்பு நிலைமை மோசம் என்று ஸ்டாலினுக்கே கடிதம் எழுதினார், பரிசாக 25 வருடத் தண்டனை, வோர்குட்டா கட்டாய உழைப்பு முகாம். ஸ்டாலின் போன பிறகு 1954-ல் வெளியே வந்து, 1956-ல் ரஃபேல் ஷாபிரோவுடன் சேர்ந்து முதல் கட்டுரையை வெளியிட்டார். ஆயிரக்கணக்கான பேட்டன்ட்களைப் படித்து அவர் பிடித்த விஷயம் இது: நல்ல கண்டுபிடிப்பு எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு முரண் இருக்கிறது, ஒன்றைச் சரி பண்ணப் போனால் இன்னொன்று கெடுகிறது, அந்த இரண்டையும் நடுவில் எங்கோ சமரசம் பண்ணாமல் தாண்டிப் போவதற்குத் திரும்பத் திரும்ப வரும் தந்திரங்கள் நாற்பதுதான். எடை, விசை, அழுத்தம் மாதிரி 39 குணங்களை மேலேயும் பக்கவாட்டிலும் எழுதி ஒரு பெரிய அட்டவணை, ஒவ்வொரு கட்டத்திலும் நாற்பதில் எந்தெந்தத் தந்திரத்தை முதலில் முயலலாம் என்று எண்கள்.

நாங்கள் போட்டுப் பார்த்தோம். குழவியின் எடை குறைய வேண்டும், ஆனால் மாவை நசுக்கும் விசை குறையக் கூடாது. முதல் வரிசை, பத்தாவது பத்தி. கிடைத்தது 8, 10, 18, 37. எட்டு என்றால் எதிர் எடை. நம் துலா ஏற்றத்தில் பின்பக்கம் கல் கட்டுவார்களே அதேதான், குழவி மாட்டியிருக்கும் கையை நீட்டி மறுமுனையில் எடையோ ஸ்பிரிங்கோ வைத்தால் ஒரு விரலால் தூக்கலாம். நல்ல யோசனை. பத்து என்றால் முன்கூட்டியே செய்துவைப்பது. இதில் அரை மணி நேரம் போனது, கடைசியில் ஆட்ட ஆரம்பிக்கும் முன்பே குழவியில் ஒரு கழற்றும் உறை என்று ஒன்று வந்தது, மாவை அரைக்கிற கல்லுக்கே உறை போட்டால் எதை வைத்து அரைப்பது என்று அதே வேகத்தில் போயும் விட்டது. பதினெட்டு அதிர்வு. கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடியை ஒரு தொட்டியில் போட்டு அதிர்வில் சுத்தம் செய்வார்கள், அந்த மாதிரி. விலை கட்டுப்படியாகாது, ஆனால் தூக்குவதிலிருந்து மனதை வெளியே இழுத்தது இதுதான், முதல் தடவையாக "ஒட்டுன மாவு தானா விழுந்தா தூக்கவே வேணாமே" என்று ஒருவன் சொன்னான். முப்பத்தேழு, வெப்பத்தால் விரிவது. கிரைண்டருக்கு அடுப்பு மூட்டுவதா என்று சிரித்துவிட்டு விட்டோம்.

அட்டவணையைவிட எனக்குப் பயன்பட்டது ட்ரிஸின் இன்னொரு பகுதி. குழவி கனமாகவும் இருக்க வேண்டும், லேசாகவும் இருக்க வேண்டும் என்று ஒரே பொருள் மேல் இரண்டு எதிர்க் கோரிக்கையை அப்பட்டமாக எழுதச் சொல்கிறது. எழுதிவிட்டு, எப்போது கனம், எப்போது லேசு என்று பிரி என்கிறது. ஆட்டும்போது கனம், கழுவும்போது லேசு. இப்படி எழுதிப் பார்த்தால் கடையில் ஏற்கெனவே இருப்பவை எல்லாம் புது வெளிச்சத்தில் தெரிகின்றன. டில்டிங் கிரைண்டர் குழவியைத் தூக்கும் வேலையையே எடுத்துவிட்டு டிரம்மைச் சாய்க்கிறது. டேபிள் டாப் ஒரு பெரிய கல்லை இரண்டு, மூன்று சின்னக் கல்லாக உடைத்துவிடுகிறது. இது இரண்டும் இல்லாத ஒரு மூன்றாவது இடம் மார்க்கெட்டில் எங்கே காலியாக இருக்கிறது என்று தேடலாம்.

இன்னொன்று, கொஞ்சம் விலகிப் போகிறேன். நாற்பதில் 13-வது தந்திரம் தலைகீழாக்கு, அதாவது நகர்வதை நிறுத்து, நிற்பதை நகர்த்து. ஆட்டுக்கல்லில் உரல் நிற்கும், குழவி சுற்றும். கோயம்புத்தூர் கிரைண்டரில் உரல் சுற்றுகிறது, குழவி இருந்த இடத்திலேயே உருள்கிறது. 1955-ல் பி. சபாபதி என்பவர் கோவையில் முதல் கிரைண்டரைச் செய்தார் என்பது பதிவு, அல்ட்ஷுல்லரின் முதல் கட்டுரை அதற்கு அடுத்த வருடம். நாற்பதும் தெரியாமலே ஒன்று நம்மூரில் நடந்திருக்கிறது. அல்ட்ஷுல்லரே இதைக் கேட்டால் சந்தோஷப்பட்டிருப்பார், அவர் கோட்பாடே அதுதானே, தந்திரங்கள் உலகத்துக்குப் பொது.

சரி, குறை என்ன? முதலாவது, நேரம். 39 குணத்தில் நம் பிரச்சனை எது என்று மொழிபெயர்ப்பதற்கே பழக வேண்டும், எடையா விசையா அழுத்தமா என்று மாற்றி எடுத்தால் வேறு எண்கள் வரும், அப்படி மாற்றி மாற்றிப் போட்டு நமக்கு வேண்டிய பதில் வரும் வரை தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, அட்டவணை அந்தக் காலத்து இயந்திர பேட்டன்ட்களிலிருந்து வந்தது, கிரைண்டருக்குப் பொருந்தும், ஆப் டிசைனுக்கு வலிந்து பொருத்த வேண்டும். மூன்றாவது, முரணே தெரியாத பிரச்சனையில் இது வாயே திறக்காது. "பார்வையில்லாதவர்கள் பயன்படுத்தும் அளவுக் கோப்பை" மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டால் எது ஏறினால் எது இறங்கும்? என் தனிப்பட்ட விதி, "இதைக் கூட்டினால் அது கெடுகிறது" என்று ஒரே வரியில் சொல்ல முடிந்தால் மட்டும் ட்ரிஸ், இல்லாவிட்டால் அந்த நேரத்தை வேறு எதிலாவது போடலாம்.

ஜெர்மன் வழி வேறு மாதிரி. பால், பைட்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1977-ல் போட்ட பாடநூல் இன்றைக்கும் பல நாட்டு டிசைன் சிலபஸுக்கு முதுகெலும்பு. பொருளை மறந்துவிடு, அது செய்ய வேண்டிய வேலைகளை மட்டும் எழுது, ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை வழி என்று பக்கத்தில் எழுது, அப்புறம் வரிசைக்கு ஒன்றாக எடுத்துக் கோர்த்துப் பார். இந்த அட்டவணைக்கு மார்ஃபாலஜிகல் சார்ட் என்று பெயர், அதைத் தொடங்கி வைத்தவர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி, 1933-ல் கரும்பொருள் என்ற ஒன்று இருக்க வேண்டும் என்று சொன்ன அதே வானியலாளர். நட்சத்திரம் பார்த்த கையோடு ஜெட் இன்ஜின் வகைகளையும் இப்படிக் கட்டம் போட்டுப் பிரித்தார் மனிதர்.

எங்கள் கிரைண்டருக்கு ஐந்து வேலை வந்தது: குழவியை விடுவிப்பது, மாவை வழிப்பது, ஒட்டியதைக் கழற்றுவது, கழுவிய தண்ணீரை வெளியேற்றுவது, ஈரத்தைப் போக்குவது. ஒவ்வொன்றுக்கும் நாலு வழி எழுதினால் 1024 கோர்வை. இந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம், பெரும்பாலானவை ஒன்றோடொன்று சேரவே சேராது. லாபம் வேறு இடத்தில். நாலாவது வரி, தண்ணீரை வெளியேற்றுவது, அதுவரை ஒருவர் வாயிலும் வரவில்லை. 48 தாள் யோசனையிலும் இல்லை, ட்ரிஸிலும் இல்லை. குழவியை எடுக்காமலே கழுவிவிடலாம் என்று வைத்துக்கொண்டால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? டிரம்மைச் சாய்க்க வேண்டும், இல்லை அடியில் ஒரு அடைப்பான் வேண்டும். அடைப்பான் என்றால் மாவு கசியும், புளித்து நாறும், ரப்பர் வாஷர் ஆறு மாதத்தில் போகும். இந்தச் சங்கடம் முழுக்க அந்த ஒரு வரியை எழுதியதால்தான் கண்ணில் பட்டது. பளிச்சென்று புதுசு எதையும் இந்த முறை தராது, ஆனால் எதையும் மறக்க விடாது. மூன்றாவது ரிவ்யூவில் "டிரெய்னேஜ் என்ன பண்ணீங்க?" என்று ஒருவர் கேட்டு நாலு பேரும் முழிப்பதைத் தடுக்கும்.

மீதி வழிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இயற்கையைப் பார்த்து எடுப்பது கேட்க அழகாக இருக்கும். ஜப்பானின் 500 வரிசை ஷின்கான்சென் ரயில் சுரங்கத்திலிருந்து வெளியே வரும்போது போடும் வெடிச்சத்தத்தைக் குறைக்க, எய்ஜி நகட்சு என்ற பொறியாளர் மீன்கொத்தியின் அலகைப் பார்த்து மூக்கை வடிவமைத்தார், 1997-ல் ஓடத் தொடங்கியது. எல்லாரும் சொல்லும் கதை, ஆனால் அவர் பறவை பார்ப்பதையே பொழுதுபோக்காக வைத்திருந்தவர் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நமக்கு அந்தப் பழக்கம் இல்லாவிட்டால்? அதற்காகத்தான் பெங்களூரு ஐஐஎஸ்சியில் அமரேஷ் சக்ரவர்த்தி குழு ஐடியா இன்ஸ்பயர் என்று ஒரு மென்பொருள் செய்தது, செய்ய வேண்டிய வேலையைச் சொன்னால் அதே வேலையைச் செய்கிற உயிரினங்களையும் இயந்திரங்களையும் எடுத்துக் காட்டும். எண்ணம் நல்லது. நாலு மாத பிராஜெக்ட்டுக்கு என்றால் ஒரு மதியம் ஒதுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

எம்ஐடியின் நாம் பி. சு கொண்டுவந்த ஆக்ஸியோமேடிக் டிசைன் யோசனை பிடிக்கிற கருவியே இல்லை என்பது என் அபிப்பிராயம், பிடித்ததை உரசிப் பார்க்கிற கல். ஒரு வேலையைச் சரி செய்தால் இன்னொரு வேலை கலையக் கூடாது என்பது முதல் விதி. வெந்நீருக்கு ஒரு குழாய், தண்ணீருக்கு ஒரு குழாய் இருக்கிற பழைய பாத்ரூமில் சூட்டைச் சரி செய்யப் போனால் அளவு மாறும், அளவைச் சரி செய்யப் போனால் சூடு மாறும், ஒற்றைக் கைப்பிடிக் குழாயில் இரண்டும் தனித்தனி. நம் எதிர் எடை யோசனையை இதில் உரசியபோது ஒரு பொத்தல் தெரிந்தது: தூக்க லேசாக்குகிற அதே எடை ஆட்டும்போதும் குழவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும், மாவு நைசாகாது. ஆட்டும்போது அதைக் கழற்றிவிட ஒரு லாக் வேண்டும். இந்தக் கேள்விக்குப் பத்து நிமிடம், அவ்வளவு போதும்.

ஏஐ பற்றிக் கேட்காமல் இருப்பார்களா? கேட்டார்கள். 2023-ல் அமெரிக்காவின் வார்ட்டன் பிசினஸ் ஸ்கூல் ஆட்கள் ஒரு சோதனை செய்தார்கள், கல்லூரி மாணவர்களுக்கு 50 டாலருக்குள் ஒரு பொருள், ஒரு பக்கம் மாணவர்கள் யோசனை, ஒரு பக்கம் ஜிபிடி-4. வாங்குவீர்களா என்று கேட்டதில் இயந்திரத்தின் யோசனைகளுக்குத்தான் சராசரியில் மதிப்பெண் அதிகம். ஆனால் அவை ஒன்றையொன்று ஒத்திருந்தன, தொடர்ந்து வந்த ஆய்வுகளும் அந்த ஒத்துப்போதலைத்தான் கவலையாகச் சொல்கின்றன. நான் மேலே சொன்ன இரண்டாவது அளவுகோலில் அடி வாங்குகிறது. அதோடு, அது காட்டும் முதல் பதிலே யூடியூப் புல்லியின் வேலையைச் செய்துவிடும், மனம் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். தாள் சுற்று முடிந்த பிறகு, மார்ஃபாலஜிகல் சார்ட்டின் காலிக் கட்டங்களை நிரப்ப மட்டும் பயன்படுத்துங்கள் என்றேன். கேட்டார்களா என்று தெரியாது.

வந்த யோசனைகளில் எதை எடுப்பது என்பதற்கு ஸ்டுவர்ட் பியூவின் அட்டவணை. ஏற்கெனவே இருக்கும் ஒரு பொருளை அடிப்படையாக வைத்துக்கொள், இங்கே அம்மா வீட்டு கிரைண்டர், மற்ற ஒவ்வொன்றும் அதைவிட மேலா, கீழா, சமமா என்று +, −, ச என்று போடு. அவ்வளவுதான். நம் கல்லூரிகளில் இதோடு நிறுத்துவதில்லை, ஒவ்வொரு வரிக்கும் பத்துக்கு இத்தனை என்று எடை போட்டு, பெருக்கி, கூட்டி, 7.4 வாங்கியது ஜெயித்தது, 7.2 தோற்றது என்று எழுதுவார்கள். அந்த எடைகளை யார் எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேட்டால் பதில் வராது. நானே இரண்டு தடவை விரும்பிய விடை வரும்படி எடையைத் திருத்தியிருக்கிறேன், ஒரு தடவை அந்த விடை ஷாப் ஃப்ளோர் வரைக்கும் போய் பேரிங் சீட் உடைந்து திரும்பி வந்தது. இப்படிக் கூட்டுவதே கணக்கில் செல்லுமா என்று கல்வி உலகில் ஒரு பெரிய சண்டையே உண்டு. பல பேரின் ஓட்டைக் கூட்டி எப்போதும் குறையில்லாத ஒரு முடிவெடுக்க முடியாது என்று கென்னத் ஆரோ நிரூபித்த தேற்றத்தை எடுத்துக்கொண்டு 1996-ல் ஜார்ஜ் ஹேசல்ரிக் தாக்கினார், ஒரே டிசைனரின் பல அளவுகோலும் பல பேரின் ஓட்டும் ஒன்றல்ல என்று 1999-ல் ஸ்காட்டும் ஆன்டன்சனும் பதில் சொன்னார்கள். பியூ அட்டவணையின் நிஜமான வேலை கழித்தல் குறி விழுந்த இடத்தைப் பார்த்து "இதை அதோடு ஒட்டினால் இந்தக் குறி போகுமா?" என்று கேட்பது, மொத்த மார்க்கைப் பார்ப்பது இல்லை.

ஆகவே அந்த நாலு பேருக்கு நான் எழுதிக் கொடுத்தது இது. தனித்தனியாக ஒரு நாள் யோசனை, யாரும் யாரிடமும் பேசக் கூடாது. மறுநாள் படம் வரைந்து தாள் மாற்றுவது, நாலு சுற்று. அந்த வாரக் கடைசியில் மார்ஃபாலஜிகல் சார்ட். ட்ரிஸ் அட்டவணையை ஒரு மதியத்துக்கு மேல் தொடாதே, கனம், லேசு என்ற அந்த முரண் வரியை மட்டும் சுவரில் ஒட்டு. பியூ அட்டவணை இரண்டு தடவை, நடுவில் ஒரு வாரம் இடைவெளி. இதே நீங்கள் ஒரு கம்பெனியில் ஏற்கெனவே ஓடுகிற பொருளில் ஒரே ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பவர் என்றால், உங்களுக்கு ஒரு வருடம் அவகாசமும் இருக்கிறது என்றால், வரிசையை மாற்றி ட்ரிஸையே முதலில் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளச் சொல்வேன். பிஎச்டிக்குத் தலைப்பு தேடுபவர் என்றால் கதையே வேறு, உங்களுக்கு ஃபிக்ஸேஷன் பக்கம் இன்னும் நிறைய இடம் இருக்கிறது, நம்மூர்ப் பட்டறைகளில் லேத் ஓட்டுபவர்கள் எப்படி ஒட்டிக்கொள்கிறார்கள், எப்படி விடுபடுகிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்த ஆய்வு ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை.

கடைசியாக ஒன்று கேட்டேன், முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது. அம்மா கழுவுவதை யாராவது நின்று பார்த்தீர்களா? யாரும் பார்க்கவில்லை, மகள் உட்பட. 2001-ல் டோர்ஸ்ட், கிராஸ் என்ற இரண்டு பேர் ஹாலந்து ரயிலுக்குக் குப்பைத்தொட்டி டிசைன் செய்த அனுபவசாலிகளைக் கவனித்து எழுதிய கட்டுரை ஒன்று உண்டு, நல்ல டிசைனர்களிடம் விடை வளரும்போதே கேள்வியும் கூடவே மாறிக்கொண்டு வருகிறது என்பது அதன் சாரம். போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் போனில் வீடியோ எடுத்து அனுப்பியிருந்தாள். அம்மா மேல் கம்பியைக் கழற்றுகிறார், குழவியை இரண்டு கையாலும் அசைத்து டிரம் விளிம்பு வரை கொண்டுவருகிறார், அது வரைக்கும் முகத்தில் ஒன்றும் இல்லை. அப்புறம் அதைத் தரையில் இருக்கிற தாம்பாளத்தில் வைக்கக் குனிந்து திரும்புகிறார், அங்கேதான் "அம்மாடி" என்று ஒரு சத்தம். தூக்குவதும் பிரச்சனை இல்லை, கழுவுவதும் பிரச்சனை இல்லை. டிரம் விளிம்பின் உயரத்திலேயே பக்கத்தில் ஒரு தட்டு இருந்து, குழவியை அதன் மேல் சாய்த்து உருட்டிவிட முடிந்தால் முடிந்தது கதை. 48 யோசனையிலும் இப்படி ஒன்று இல்லை. கீழே அவள் எழுதியிருந்தாள்: "சார், டைட்டில மாத்தலாமா? கைடு சொல்றார், ஆபீஸ்ல என்ட்ரி போட்டாச்சாம், இனி மாத்த முடியாதாம்."